பண்டைய கிரேக்கக் கல்வியைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய கிரேக்கக் கல்வியைப் பற்றிய கட்டுரைகள் பலவும் சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்ற மூவரின் பெயர்களில் தொடங்கி அந்த மூவரோடேயே முடிந்துவிடுகின்றன. கல்வியைப் பற்றி அவர்கள் ஆழ்ந்து சிந்தித்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் எழுதியதை, கிரேக்கத்தில் கல்வி அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மற்றப் பிழைகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலையே பாருங்கள். நகரைக் காத்து ஆளும் காவலர் வகுப்பின் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே கல்வி, 20 வயதில் தேர்ந்தெடுப்பு, 30 வயதில் மீண்டும் ஒரு தேர்ந்தெடுப்பு, அதன்பின் 5 ஆண்டுகள் தர்க்கப் பயிற்சி, 15 ஆண்டுகள் பொறுப்பான பணிகள், 50 வயதில் ஆட்சிக்குத் தகுதி என்று அதில் ஒரு திட்டம் விரிகிறது. இதை ஏதென்ஸின் கல்வி முறை என்று எழுதுவோர் உண்டு. எந்தக் கிரேக்க நகரமும் இந்தத் திட்டத்தை நடத்திப் பார்த்ததில்லை; தம் கண்முன் இருந்த ஏதென்ஸில் மனநிறைவு இல்லாததால்தான் பிளேட்டோ இதை எழுதினார். அரிஸ்டாட்டிலோ 'அரசியல்' நூலின் எட்டாம் பகுதியில், கல்வி எல்லாருக்கும் பொதுவாகவும் நகரத்தின் பொறுப்பிலும் இருக்க வேண்டும் என்றும், இப்போது அவரவர் தம் பிள்ளைகளைத் தனித்தனியே பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் குறிப்பிடுகிறார். நடைமுறை எப்படி இருந்தது என்பதற்கு அவர் குறையாகச் சொன்ன அந்தப் பகுதியே நல்ல சான்று.

ஆகவே ஏதென்ஸில் அரசுப் பள்ளிகள் இருந்தன என்று எழுதக் கூடாது. பிள்ளையை அனுப்புவதும் ஆசிரியருக்குக் கட்டணம் தருவதும் தந்தையின் பொறுப்பு. எழுத்தும் கவிதையும் ஒருவரிடம், யாழ் போன்ற நரம்பிசை இன்னொருவரிடம், உடற்பயிற்சி மூன்றாமவரிடம் என்று கற்பது வழக்கம். எழுதத் தெரியாத சிறுவனுக்கு ஆசிரியர் எழுத்தாணியால் கோடு கிழித்துக் கொடுத்து அதன்மேல் எழுதச் செய்வதையும், எழுத்துத் தெரிந்தபின் கவிஞர்களின் பாடல்களை மனப்பாடம் செய்ய வைப்பதையும் பிளேட்டோவே ஓர் உரையாடலில் புரோட்டகோரஸ் என்ற ஆசிரியரின் வாயிலாக விவரிக்கிறார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னதாகப் படிக்கத் தொடங்கி எல்லாருக்கும் பின்னால் நிறுத்துகிறார்கள் என்று அங்கேயே ஒரு குறிப்பும் வருகிறது. படிப்பின் நீளத்தைக் குடும்பத்தின் வசதியே தீர்மானித்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அந்தப் பாடத்தைக் கண்ணால் பார்க்க விரும்புவோர், ஓவியர் டூரிஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய, இப்போது பெர்லினில் உள்ள கிண்ணத்தின் படங்களைத் தேடிப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் ஆசிரியரும் சிறுவனும் எதிரெதிரே அமர்ந்து யாழ் வாசிக்கிறார்கள். அருகே இன்னோர் ஆசிரியர் ஏட்டுச் சுருளை விரித்துப் பிடிக்க, மேலாடையைப் போர்த்திய சிறுவன் அவர்முன் நிற்கிறான். மறுபக்கத்தில் ஒருவர் குழல் வாசிக்கிறார், மற்றொருவர் எழுதுபலகையும் எழுத்தாணியுமாக இருக்கிறார். ஓரத்தில் கோலூன்றி அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர், சிறுவனை வீட்டிலிருந்து அழைத்து வந்த அடிமை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மேசை வரிசை, வகுப்பு என்று நாம் பள்ளியோடு சேர்த்தே நினைக்கும் எதுவும் அதில் இல்லை. நம் காலப் பள்ளியை அங்கே கொண்டுபோய் வைத்து எழுதுவோர் இந்தக் கிண்ணத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஏதென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு கிரேக்கம் முழுவதையும் பேசுவது அடுத்த தவறு. கி.மு. 494-இல் நடந்த லாடே கடற்போருக்குச் சற்று முன், கியோஸ் தீவில் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்த 120 சிறுவர்கள்மேல் கூரை இடிந்து விழுந்ததையும், ஒருவன் மட்டுமே பிழைத்ததையும் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பதிவு செய்கிறார். கி.மு. 413-இல் மைக்கலெஸஸ் என்ற சிற்றூருக்குள் புகுந்த திரேசியக் கூலிப்படையினர், அங்கிருந்த பள்ளிகளில் பெரியதற்குள் நுழைந்து சிறுவர் அனைவரையும் கொன்றதை இன்னொரு வரலாற்றாசிரியரான துசிடிடீஸ் எழுதுகிறார். இரண்டும் நெஞ்சை உலுக்கும் செய்திகள். தத்துவத்துக்குப் பெயர் பெறாத ஊர்களிலும் பிள்ளைகள் கூடிக் கற்றார்கள் என்று நமக்குத் தெரிவதும் இத்தகைய செய்திகளால்தான்.

ஸ்பார்ட்டா என்ற கிரேக்க நகரத்தைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். 7 வயதில் சிறுவனை வீட்டிலிருந்து பிரித்து நகரமே பயிற்றுவித்தது என்ற சித்திரத்தின் விரிவான பகுதிகள் புளூட்டார்க்கிடமிருந்து வருகின்றன. அவர் ரோமப் பேரரசின் காலத்தவர். ஸ்பார்ட்டா வலிமையின் உச்சத்தில் இருந்து சுமார் 500 ஆண்டுகள் கழித்து எழுதியவர். அந்தக் காலத்திலேயே வாழ்ந்து ஸ்பார்ட்டாவை நேரில் அறிந்த ஏதென்ஸ் எழுத்தாளர் செனபோனின் குறிப்புகளுக்கு முதலிடம் தந்து, புளூட்டார்க்கைப் பின்னால் வைத்துப் படிப்பதே முறை. பெண்களுக்கு உடற்பயிற்சி அளிக்கப்பட்டதைச் செனபோனும் சொல்கிறார். எனவே கிரேக்கப் பெண்கள் எங்கும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள் என்ற பொதுக்கூற்றும் நிற்காது. அதிலும் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தேயோஸ் நகரக் கல்வெட்டு தெளிவானது: பாலித்ரஸ் என்ற செல்வர் 34,000 டிராக்மா (கிரேக்க வெள்ளி நாணயம்) நிதி வழங்க, அதன் வருவாயில் சுதந்திரக் குடிகளின் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கற்பிக்க எழுத்தாசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அடிமைகளின் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சோஃபிஸ்டுகளை, அதாவது கட்டணம் வாங்கிப் பேச்சும் வாதமும் கற்பித்த ஆசிரியர்களை, பணத்துக்காகப் பொய்வாதம் கற்பித்தவர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவதும் பரவலான பிழை. அவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, அவர்களை எதிர்த்த பிளேட்டோவின் எழுத்து. மக்கள் மன்றத்திலும் நீதிமன்றத்திலும் குடிமகன் தானே எழுந்து பேசவேண்டிய நகரில் பேச்சுக்கலை ஒரு தேவையாக இருந்தது; அதை நிறைவேற்றியவர்கள் அப்தேராவின் புரோட்டகோரஸ், லியோந்தினியின் கோர்கியாஸ் போன்ற வெளியூர் ஆசிரியர்கள். கட்டணம் அதிகம்தான். பாரோஸ் தீவின் எவேனஸ் 5 மினா வாங்கியதாகப் பிளேட்டோ எழுதிய 'சாக்ரடீஸின் வழக்குரை' கூறுகிறது. 5 மினா என்பது 500 டிராக்மா. தேர்ந்த கைவினைஞரின் ஒரு நாள் கூலி ஏறத்தாழ 1 டிராக்மாவாக இருந்த காலம் அது. எனினும் யார் சோஃபிஸ்ட், யார் தத்துவவாதி என்ற எல்லைக்கோடு அன்று அத்தனை உறுதியாக இல்லை. கி.மு. 423-இல் அரங்கேறிய நகைச்சுவை நாடகம் ஒன்றில் அரிஸ்டோபனீஸ் சாக்ரடீஸையே கட்டணம் வாங்கும் வாத ஆசிரியராகக் காட்டினார். பேச்சுக்கலைப் பள்ளி நடத்திய ஐசாக்ரடீஸ் தாம் கற்பிப்பதே தத்துவம் என்றார்.

சாக்ரடீஸின் பெயரில் உலவும் பொன்மொழிகளில் பல அவருடையவை அல்ல. அவர் எதையும் எழுதிவைக்கவில்லை; பிளேட்டோ காட்டும் சாக்ரடீஸும் செனபோன் காட்டும் சாக்ரடீஸும் பல இடங்களில் வேறுபடுகிறார்கள். மனம் நிரப்பப்பட வேண்டிய பாத்திரம் போன்றதன்று, மூட்டிவிட வேண்டிய விறகு போன்றது என்ற கருத்து அவர் பெயரில் அடிக்கடி பகிரப்படுகிறது. அதை எழுதியவர் புளூட்டார்க். எந்த நூலில் எந்த இடத்தில் வருகிறது என்று காட்ட முடியாத மேற்கோளை விட்டுவிடுவதே நல்லது.

கடைசியாக அகாடமி. பிளேட்டோ கி.மு. 387 வாக்கில் ஏதென்ஸின் மதிலுக்கு வெளியே இருந்த தோப்பொன்றில் தொடங்கிய அந்த வட்டத்தைப் பல்கலைக்கழகம் என்றால், பட்டமும் பாடத்திட்டமும் இருந்ததாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார். 17 வயதில் அங்கே வந்த அரிஸ்டாட்டில் சுமார் 20 ஆண்டுகள் தங்கியது எந்தப் பட்டத்துக்காகவும் அன்று. வடிவியல் அறியாதவர் உள்ளே வரவேண்டாம் என்று வாயிலில் பொறித்திருந்ததாகச் சொல்லப்படுவது, பிளேட்டோ மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்த நூல்களில்தான் தென்படுகிறது. கி.பி. 529 வரை, ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் மூடும்வரை, அந்த நிறுவனம் 900 ஆண்டுகள் இடைவிடாமல் இயங்கியது என்பதும் சரியன்று. கி.மு. 86-இல் ஏதென்ஸை முற்றுகையிட்ட ரோமத் தளபதி சுல்லா, போர்க்கருவிகளுக்காக அந்தத் தோப்பின் மரங்களை வெட்டினார்; பிளேட்டோ தொடங்கிய நிறுவனத்தின் தொடர்ச்சி அந்தக் காலத்திலேயே அறுந்துவிட்டது. கி.பி. 529-இல் கற்பிப்பதை நிறுத்த நேர்ந்தவர்கள், பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஏதென்ஸில் புதிதாக உருவான பிளேட்டோனியப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்கள்.