வருமான வரி பாக்கியைக் குறைக்கக் கேட்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் பாத்திரக்கடை வைத்திருப்பவர் ஒருவர் டிமாண்ட் நோட்டீசோடு (வரி பாக்கியைக் கட்டச் சொல்லி வரும் கடிதம்) என்னிடம் வந்தார். "மூணு லட்சம் கேக்கிறாங்க சார். யார்கிட்டயாவது பேசி ஒன்றரைக்கு முடிச்சுக் கொடுங்க" என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன.

அமெரிக்காவில் கட்ட வசதியில்லாதவர் குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். இங்கே சரியாகப் போட்ட வரியைப் பேசிக் குறைக்க வரி அதிகாரிக்கு அதிகாரமே கிடையாது. தப்பாகப் போட்ட வரி, தாமத வட்டி, அபராதம் ஆகியவைதான் குறையக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. (கீழே வரும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். பழைய ஆண்டுகளின் பாக்கி அதன் கீழ்தான் வரும்.)

அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். மாடியை வங்கிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். வாடகை தரும்போதே வங்கி பிடித்துக்கொண்ட வரி, அதாவது டிடிஎஸ், மட்டும் 1,20,000 ரூபாய். ரிட்டர்னில் எண் ஒன்று தப்பாக ஏறியதால் அந்த வரவு அவர் கணக்கில் சேரவில்லை. அதாவது, கேட்ட தொகையில் கணிசமான பகுதி அவர் கட்டவே வேண்டாதது. பேரம் பேசப் போயிருந்தால் அதையும் சேர்த்துக் கட்டியிருப்பார். இதற்கு 154-ஆம் பிரிவில் திருத்த மனு போட்டால் போதும். உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து 4 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

இதில் இன்னொரு வம்பும் நடந்திருந்தது. போர்ட்டலில் டிமாண்டுக்குப் பதில் சொல்லும் பக்கத்தில் 'டிமாண்ட் சரி' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அடிக்கடி வரும் மெசேஜ் நிற்கட்டும் என்று அவர் மகன் அதை அழுத்திவிட்டான். அழுத்தியபின் அந்தப் பக்கத்தில் மறுப்புச் சொல்ல முடியாது. கணக்கை, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தோடு ஒத்துப்பார்க்காமல் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது வட்டி. நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் கட்டாவிட்டால் மாதத்துக்கு 1 சதவீதம் ஏறும். மாதத்தில் ஒரு நாள் கடந்தாலும் முழு மாதக் கணக்கு. இந்த வட்டியைக் குறைக்கச் சொல்லி 220(2ஏ) பிரிவில் கமிஷனர் நிலை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். கட்டுவது உண்மையான கஷ்டத்தைத் தரும், தாமதம் கைமீறிய காரணத்தால் வந்தது, விசாரணைக்கு ஒத்துழைத்தேன் என்று மூன்றையும் காட்ட வேண்டும். பெரும்பாலான மனுக்களில் "வியாபாரம் சரியில்லை" என்று ஒரு வரிதான் இருக்கும். அது முதல் நிபந்தனையைக்கூடத் தாண்டாது. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, அந்த மாதங்களின் வங்கி ஸ்டேட்மென்ட், நோட்டீசுகளுக்குக் கொடுத்த பதில்களின் நகல் எல்லாவற்றையும் தேதி வாரியாக வையுங்கள். முன்கூட்டிய வரி கட்டாததற்கான வட்டி வேறு. அதற்கு இந்த மனு செல்லாது.

அப்பீல் போட்டால் வசூல் நின்றுவிடும் என்பதும் தப்பு. நிறுத்திவைக்கத் தனியாகக் கேட்க வேண்டும். 2017 முதல் பொதுவாக 20 சதவீதம் கட்டச் சொல்கிறார்கள். கேட்காமல் விட்டவர்களின் வங்கிக் கணக்கு முடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

"திட்டம் ஏதாவது வரும், அப்போது பார்த்துக்கலாம்" என்று காத்திருப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2020-இலும் 2024-இலும் 'விவாத் சே விஷ்வாஸ்' என்ற வரி வழக்குத் தீர்வுத் திட்டம் வந்தது உண்மை. வட்டியும் அபராதமும் தள்ளுபடியானதும் உண்மை. ஆனால் 2024 திட்டம் அந்த ஆண்டு ஜூலை 22 அன்று நிலுவையில் இருந்த வழக்குகளுக்குத்தான். அப்பீல் போடாமல் சும்மா இருந்தவர்களுக்கு அதில் இடமே இல்லை.

அப்புறம், "உள்ளே ஆள் இருக்கு, பாதியில் முடித்துத் தருகிறேன்" என்று வருபவர்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். 2019 அக்டோபர் முதல் துறை அனுப்பும் கடிதங்களில் 'டின்' என்ற ஆவண எண் இருக்க வேண்டும். போர்ட்டலில் லாகின் செய்யாமலே அதைச் சரிபார்க்கலாம்.

பாத்திரக்கடைக்காரரின் திருத்த மனு போய்விட்டது. மீதியைத் தவணையில் கட்டவும் கேட்டிருக்கிறோம். 30 நாள் கெடு முடிவதற்குள் கேட்டால்தான் தவணை மனு செல்லும். அவர் வந்தது 26-ஆம் நாள்.