பத்து மாதத்தில் தேய்ந்துபோன எஸ்எஸ்டி

எங்கள் அலுவலகத் தரவுத்தள சர்வரில், விலை குறைவு என்பதற்காக நானே வாங்கி ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 முறையில் பொருத்திய 1 டெராபைட் எஸ்எஸ்டிகள் (தரவைச் சில்லுகளில் சேமிக்கும், எழுத எழுதத் தேயும் சேமிப்பகங்கள்) இரண்டும், பத்தே மாதங்களில் ஒன்றாகவே ஆயுளை முடித்துக்கொண்டதாக அவை தம் நிலையைத் தாமே பதிவுசெய்யும் ஸ்மார்ட் (SMART) அறிக்கை காட்டியது. அதில் இருந்த, அதுவரை எழுதப்பட்ட மொத்தத் தரவின் அளவை நாள்கணக்கால் வகுத்தபோது, தினமும் 2 டெராபைட் எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. மொத்தம் 600 டெராபைட் எழுதுவதற்கு மட்டுமே உத்தரவாதம் உள்ள எஸ்எஸ்டிக்கு அது 300 நாள் தீனிதான். வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு இது.

பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கு நாள்தோறும் தன் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு எழுதலாம் என உற்பத்தியாளர் உறுதியளித்த 1.6 டெராபைட் எஸ்எஸ்டிகளை, அதாவது 8,760 டெராபைட் தாங்குபவற்றை, திடீர் மின்தடையின்போது தரவைக் காக்கும் மின்தேக்கிகள் உண்டா என்பதையும் பார்த்தே வாங்கினேன். ஓராண்டு கழிந்த நிலையில் தேய்மானம் 8 விழுக்காடு.