ஆண்களுக்கான இடுப்புத்தளத் தசைப் பயிற்சி: இறுக்கவும் தளர்த்தவும் பழகுதல்

முன்புற இடுப்பெலும்பிலிருந்து பின்புற வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் விரிந்து, சிறுநீர்ப்பையையும் குடலையும் கீழிருந்து தாங்கி நிற்கும் தசைத் தொகுதியே இடுப்புத்தளம். இதன் ஒரு பகுதி ஆண்குறியின் வேரைச் சுற்றிப் படர்ந்துள்ளது. விறைப்பின்போது அத்தசைகள் இறுகி, உள்ளே நிறைந்த இரத்தம் எளிதில் வெளியேறிவிடாமல் அழுத்திப் பிடிக்கின்றன. விந்தை உந்தி வெளியேற்றுவதும் அவையே. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் பெண்களுக்காக எழுதிய பயிற்சி ஆண்களுக்கும் பயன்படுவதற்குக் காரணம் இதுதான். விறைப்புக் குறைபாடுள்ள 55 ஆண்களிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் இயல்பு நிலையை அடைந்தனர்.

பலர் தவறுவது தொடக்கத்திலேயே, அதாவது தசையைக் கண்டறிவதில்தான். முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்துக்கொண்டு, வாயு பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை மெல்ல உள்ளிழுங்கள். பிறகு, அதைவிட முக்கியமாக, ஆண்குறியை உடலுக்குள் இழுத்துக் குறுக்குவதாக எண்ணி முன்பகுதியையும் இறுக்குங்கள். கண்ணாடியில் பார்த்தால் குறியின் அடிப்பாகம் சற்றே உள்வாங்குவதும் விதைகள் சிறிது மேலெழுவதும் தெரியும். அப்போது வயிறு, தொடை, பிட்டம் ஆகியவை இறுகினாலோ மூச்சு நின்றாலோ நீங்கள் வேறு தசைகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பொருள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதை, தசையை அடையாளம் காண ஓரிரு முறை செய்யலாமே தவிர, அதையே பயிற்சியாக்கக் கூடாது. சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாமல் போகக்கூடும்.

தசை பிடிபட்டபின், ஐந்து நொடிகள் இறுக்கி, குறைந்தது அதே அளவு நேரம் முழுவதுமாகத் தளர்த்துங்கள். இவ்வாறு பத்து முறை, நாளொன்றுக்கு மூன்று வேளை செய்துவந்து, வாரங்கள் செல்லச் செல்லப் பிடிக்கும் நேரத்தைப் பத்து நொடிகள் வரை உயர்த்தலாம். ஒவ்வொரு வேளையின் முடிவிலும் ஒரு நொடி இறுக்கி உடனே விடும் விரைவான அசைவுகளைப் பத்து முறை சேர்த்துக்கொள்ளுங்கள். படுத்துப் பழகியதும் உட்கார்ந்தும், பின்னர் நின்றும் செய்யலாம். பலன் தெரியப் பெரும்பாலும் மூன்று மாதங்கள் ஆகும்.

தளர்த்துவதை ஓய்வாகக் கருதாமல் பயிற்சியின் பாதியாகவே கருதுமாறு வலியுறுத்துகிறேன். விந்து முந்துதல் உள்ளவர்களில் சிலருக்கு இத்தசை பலவீனமாக இருப்பதில்லை, ஓயாமல் இறுகியே இருக்கிறது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் வலி, விந்து வெளியேறும்போது வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்குவதில் தடை ஆகியவை இருந்தால் இறுக்கும் பயிற்சி நிலைமையை மோசமாக்கலாம். அவர்கள் அதை நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரை அணுக வேண்டும். புரோஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டிருக்கும் நாள்களிலும் இதைச் செய்யக் கூடாது.

விறைப்புக் குறைபாடு புதிதாகத் தோன்றியிருந்தால், பயிற்சியின் பலனுக்காகக் காத்திராமல் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறியின் இரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகியவை என்பதால், இதய நோயின் அறிகுறி சில ஆண்டுகள் முன்னதாகவே இங்கே வெளிப்படுவதுண்டு.