பெயர் வரியிலேயே மாற்றத்தையும் எழுதிவிடுங்கள்

கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 (பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்னும் உரிமம்) உள்ள படத்தை மாற்றிப் பயன்படுத்தினால், படைப்பாளி பெயருக்குப் பக்கத்திலேயே செய்ததையும் எழுதுங்கள்: ‘ஓரம் வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கப்பட்டது’. வெறும் ‘திருத்தப்பட்டது’ என்பதைவிட இதுவே மேல்.

மாற்றத்தைக் குறிப்பிடுவது எப்படியும் உரிம நிபந்தனைதான். அதோடு, உங்கள் கைவேலை அவர் தலையில் விழாது. இந்த உரிமம் தார்மீக உரிமைகளை, அதாவது படைப்பு சிதையாமல் காப்பது போன்ற படைப்பாளியின் சொந்த உரிமைகளை, உங்களுக்குத் தருவதில்லை. நீங்கள் படைப்பைப் பயன்படுத்தத் தேவையான அளவுக்கு, சட்டம் அனுமதிக்கும் வரை மட்டுமே அவர் அவற்றை விட்டுக்கொடுக்கிறார். பிரான்சிலோ தார்மீக உரிமையைக் கைவிடவே முடியாது.

படைப்பாளியின் மதிப்பைக் கெடுக்கும் சிதைப்புக்கு இந்த வரி கவசமாகாது. என்டி (மாற்றிய வடிவங்களுக்கு இடமில்லாத கிரியேட்டிவ் காமன்ஸ் வகை) உரிமத்தில் மாற்றிய வடிவத்தைப் பகிரவே கூடாது. பெயரை எடுக்கச் சொல்லி அவரே கேட்டால், முடிந்தவரை எடுத்துவிட வேண்டும்.