நம்ம ஊர் கோல்ஃப் பிரியர்களுக்கு: முதலில் பட்டரை, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையைப் பழகுங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து களியக்காவிளை நெரிசலைத் தாண்டி, திருவனந்தபுரம் கவடியாரிலுள்ள 9 குழி மைதானம் வரை போய், கடைசிப் பத்தடியில் மூன்று தட்டு தட்டினால் வயிறு எரியும். பலருக்கு ஆட்டமே வெறுத்துப்போவது அங்கேதான்.

18 குழி கொண்ட முழு ஆட்டத்துக்கு பார், அதாவது இத்தனை முறை அடித்து முடிக்க வேண்டும் என்ற எண்ணிக்கை, 72 என்றால், குழிக்கு இரண்டு வீதம் 36 தட்டு பட்டருக்கே என்பது கணக்கு. சரிபாதி! அதை வீட்டிலேயே பழகலாம். மொசைக் தரையில் பந்து நிற்காமல் ஓடும். ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரியுங்கள். மறுமுனையில் துண்டை ஒரே மடிப்பாக வைத்து, பந்து அதன்மேல் வந்து நிற்கிற மாதிரி தட்டுங்கள். முதலில் நான்கடி, பிறகு எட்டடி. மணிக்கட்டு மடங்கக் கூடாது, தோள்தான் ஆட வேண்டும். பந்து கிளம்பிய பிறகும் ஒரு நொடி தலையைத் தூக்காதீர்கள்.

நீண்ட தட்டில் குறியைவிட வேகம்தான் முக்கியம். பெரிய ஆட்டக்காரர்களைப் போலவே நாமும் அடிக்க முடிகிற அடி இது ஒன்றுதான். இருபதடியிலிருந்து ஒன்று விழுந்துவிட்டால் போதும், அடுத்த வாரமும் வண்டியை எடுக்கத் தோன்றும்.

மைதானத்துப் புல்லின் வேகம் வேறு. ஆட்டம் தொடங்குமுன் அங்கே நாலைந்து பந்து உருட்டிப் பார்த்துவிடுங்கள்.