கார்க் கடனுக்கு இடைவெளிக் காப்பீடு எடுக்கும் முறை

கார் திருடுபோனாலோ, பழுதுபார்க்க இயலாத அளவுக்குச் சேதமடைந்தாலோ, வழக்கமான காப்பீடு பெரும்பாலும் அன்றைய சந்தை மதிப்பை மட்டுமே தரும். கடன் பாக்கி அதைவிட மிகுதியாக இருந்தால், அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவதே கேப் இன்சூரன்ஸ் எனப்படும் இடைவெளிக் காப்பீடு.

முதலில், கடன் பாக்கிக்கான அறிக்கையைப் பெற்று, காரின் இன்றைய மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாக்கி 100 என்றும் மதிப்பு 80 என்றும் வைத்துக்கொண்டால், மீதி 20-ஐ, கையில் இல்லாத காருக்காக நீங்களே கட்ட நேரும். குறைந்த முன்பணம் செலுத்தி, நீண்ட தவணையில் வாங்கியவர்களுக்கே இந்தக் காப்பீடு பெரிதும் தேவை. கடன் பாக்கி, காரின் மதிப்புக்குக் கீழே இறங்கியதும் இதை நிறுத்திவிடலாம்.

தவறிய தவணைகளையும் அபராத வட்டியையும் இது பொதுவாக ஏற்பதில்லை என்பதால், விலக்குகள் பகுதியை ஒரு வரி விடாமல் படியுங்கள். பிரீமியத்தைக் கடனோடு சேர்த்தால் அதற்கும் வட்டி ஏறும். ஆகவே தனியாகச் செலுத்துவதே நல்லது.