கேம்பர் வேனில் இரண்டாவது பேட்டரி: வண்டி ஓடும்போதே சார்ஜ் ஏற்றும் அமைப்பைப் பொருத்தும் முறை

வண்டிக்குள்ளேயே இரவு தங்கிவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காமல் ‘டக் டக்’ என்ற ஓசை மட்டும் வருகிறது என்றால், முந்தைய இரவு ஓடிய மின்விசிறியும் சிறு ஃபிரிட்ஜும் இன்ஜினைக் கிளப்ப வேண்டிய பேட்டரியைக் காலி செய்துவிட்டன என்று பொருள். செல்ஃப் மோட்டாருக்கான பேட்டரி சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர்களை அள்ளித் தருவதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. மணிக்கணக்காகச் சிறுகச் சிறுக மின்சாரத்தை எடுத்து அதை அடிமட்டம் வரை இறக்கினால், சில பத்து முறைகளிலேயே அது வீணாகிவிடும். ஆகவே தங்கும் பகுதிக்கென்று தனி பேட்டரி வேண்டும்; அதற்கு வண்டி ஓடும்போது முறையாக சார்ஜ் ஏறவும் வேண்டும். என்னுடைய டெம்போ டிராவலரில் இதை ஒரு முறை தவறாகச் செய்து, பிறகு முழுவதையும் பிரித்து மறுபடி செய்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

வாங்கக் கிளம்பும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 வாட் இழுக்கும் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நம்மூர் வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடும் என்று கொண்டால் 540 வாட்-மணி ஆகிறது. 25 வாட் மின்விசிறி எட்டு மணி நேரத்துக்கு 200, விளக்குகளுக்கு 50, இரண்டு கைபேசிகளுக்கும் மடிக்கணினிக்கும் சேர்த்து 110 என்று கூட்டினால் ஒரு நாளைக்கு 900 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய 70 ஆம்பியர்-மணி தேவைப்படும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 வரை தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால் அது ஒரு நாளைக்குப் போதும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் 150 தேவைப்படும். அதன் எடையும் ஐம்பது கிலோவைத் தாண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். மூடிய வண்டிக்குள் கட்டிலுக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு உறங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

லித்தியத்துக்கும் சில எல்லைகள் உண்டு. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதற்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழுந்தாலும் வண்டிக்குள் அவ்வளவு குளிர்வது அரிது. லடாக் போகிறவர்கள்தான் குறைந்த வெப்பத்தில் சார்ஜைத் தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்புப் பலகை உள்ள பேட்டரியைக் கேட்டு வாங்க வேண்டும். சமவெளியில் நமக்குள்ள ஆபத்து வெப்பம். மே மாதத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பேட்டரியின் வெப்பம் எளிதில் அதன் எல்லையை எட்டிவிடும் என்பதால், அதைத் தரையோடு ஒட்டிக் காற்றோட்டமும் நிழலும் உள்ள இடத்தில் வையுங்கள்.

அடுத்து, இரண்டு பேட்டரிகளையும் எதைக் கொண்டு இணைப்பது என்ற கேள்வி. நேராக ஒரு வயரால் இணைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகவே காலியாகும். தனி பேட்டரி வைத்ததற்கே பொருளில்லாமல் போய்விடும். மின்னழுத்தத்தைப் பார்த்து இணைத்துப் பிரிக்கும் ரிலேயைப் பல காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். இன்ஜின் ஓடி மின்னழுத்தம் 13.3 வோல்ட்டைத் தாண்டினால் அது இணைக்கும், 12.8-க்குக் கீழே இறங்கினால் பிரிக்கும். பழைய வண்டியும் ஈய அமில பேட்டரியும் என்றால் அது இன்றும் போதுமானது. ஆனால் புதிய வண்டிகள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, இன்ஜின் சுழற்ற மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கணினியே ஏற்றி இறக்குகிறது. சில நேரம் அது 12.5 வரை இறங்கும், சரிவில் இறங்கும்போது 15-ஐ நெருங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் ரிலே தடுமாறும். லித்தியத்துக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதன் உள் மின்தடை மிகக் குறைவு என்பதால், ரிலே வழியாக நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டர் தரக்கூடிய அனைத்தையும் இழுத்து அதைச் சூடேற்றிவிடும். அந்நேரத்தில் பேட்டரியின் பாதுகாப்புப் பலகை திடீரென்று துண்டித்துக்கொண்டால் எழும் மின்னழுத்தப் பாய்ச்சல் ஆல்டர்னேட்டரின் டையோடுகளையே எரித்துவிடக்கூடும். இவற்றுக்கெல்லாம் விடை டிசி-டிசி சார்ஜர். வருகிற மின்னழுத்தம் எப்படி மாறினாலும் அது இரண்டாவது பேட்டரிக்கு வேண்டிய மின்னழுத்தத்தைத் தானே உருவாக்கித் தரும்; இழுக்கும் மின்னோட்டத்துக்கும் வரம்பு கட்டும்.

எத்தனை ஆம்பியர் சார்ஜர் என்பதை உங்கள் ஆல்டர்னேட்டர் தீர்மானிக்க வேண்டும். அதன் மேலுள்ள தகட்டில் அளவு எழுதியிருக்கும். சார்ஜர் இழுப்பது அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் இருக்கட்டும். 30 ஆம்பியர் வெளியிடும் சார்ஜர், 14.2 வோல்ட்டில் 426 வாட் தருகிறது. மாற்றத்தில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் அது உள்ளே இழுப்பது சுமார் 480 வாட், அதாவது 13 வோல்ட்டில் 37 ஆம்பியர். இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் தன் அளவில் பாதியைத் தந்தாலே அதிகம் என்பதால், வண்டியை நிறுத்தி வைத்து இன்ஜினை ஓட விட்டு சார்ஜ் ஏற்றுவதைப் பழக்கமாக்காதீர்கள். ஓடும் வண்டியில் 30 ஆம்பியர் தாராளமானது: காலையில் கோவையில் கிளம்பி ஊட்டி போய்ச் சேரும் மூன்று மணி நேரத்தில், மேலே கணக்கிட்ட ஒரு நாள் செலவு முழுவதும் திரும்ப ஏறிவிடும்.

வயரும் லக்கும்

நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். விலையுயர்ந்த சார்ஜரை வாங்கிக் கொடுத்துவிட்டு, வயரிங்கை ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். மூன்றாவது மாதம், நெடுஞ்சாலையில் போகும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஓரம் கட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். 6 சதுர மில்லிமீட்டர் வயர், அதன் நுனியில் கட்டிங் பிளேயரால் நசுக்கப்பட்ட லக் (போல்ட்டில் மாட்டுவதற்கான உலோக வளைய முனை). லக்கின் கழுத்து நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. சிவப்பு உறை இரண்டு விரல் நீளத்துக்குப் பழுப்பாகி அப்பளம் போல மொறுமொறுப்பாகியிருந்தது, தொட்டதும் செம்பு இழைகள் நான்கைந்து முறிந்து கையோடு வந்தன. முன் பேட்டரியின் (இன்ஜினுக்கான பேட்டரி) பக்கத்தில் ஃப்யூஸே இல்லை. அந்த வயர் உரசி வண்டியின் உலோக உடலைத் தொட்டிருந்தால் வண்டி முழுவதும் எரிந்திருக்கும். சார்ஜருக்குச் செலவிடும் கவனத்தைவிட வயருக்கும் இணைப்புக்கும் கூடுதல் கவனம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

வயரின் பருமனைக் கணக்கிடும் முறை எளியது. செம்பின் மின்தடை ஒரு மீட்டருக்கு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.0175 ஓம். முன் பேட்டரியிலிருந்து சார்ஜர் வரை ஐந்து மீட்டர் என்றால், போக வர பத்து மீட்டர். 37 ஆம்பியர் ஓடும்போது 10 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.65 வோல்ட் இழப்பு, 16-இல் 0.4, 25-இல் 0.26. குறைந்தது 16 போடுங்கள். பணம் இடம் கொடுத்தால் 25 போடுங்கள். வண்டிக்கு ஏற்ற, நுண்ணிய இழைகள் கொண்ட முழுச் செம்பு வயராக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய வயரும் அதே நிறத்தில்தான் விற்கிறது. வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால்தான் அழுத்த வேண்டும். கருவி இல்லாவிட்டால் வாடகைக்கு எடுக்கலாம், அல்லது நீளத்தை அளந்துகொண்டு போய்க் கடையிலேயே அழுத்தி வாங்கலாம். ஈயம் வைத்துப் பற்றவைப்பது இதற்கு உதவாது. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடும், வண்டியின் அதிர்வில் அது விறைப்பு முடியும் இடத்தில் முறியும். அழுத்திய பின் லக்கைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள். பிறகு பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் உறையைச் சூடேற்றி மூடுங்கள்.

பொருத்தும் வரிசை

முன் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகே அதைத் திரும்ப மாட்ட வேண்டும். இரண்டாவது பேட்டரியைத் தரையோடு போல்ட் போட்ட சட்டத்திலோ உறுதியான பட்டையிலோ இறுக்கிக் கட்டுங்கள். பன்னிரண்டு கிலோ எடை, திடீர் பிரேக்கில் எகிறி வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தரையில் துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த இடத்தில் டீசல் குழாயோ பிரேக் குழாயோ போகிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சார்ஜர் இயங்கும்போது நன்றாகச் சூடாகும் என்பதால், அதைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டாவது பேட்டரிக்கு அருகில் நிமிர்த்திப் பொருத்துங்கள். இன்ஜின் அறையும் மெத்தைக்கு அடியும் அதற்கான இடங்கள் அல்ல.

வயரை இன்ஜின் அறையிலிருந்து உள்ளே கொண்டுவரும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். தகட்டின் விளிம்பு எந்த உறையையும் நாளடைவில் அறுத்துவிடும். வழி நெடுக நெளிகுழாய்க்குள் விட்டு, முழத்துக்கு ஒரு கட்டு போடுங்கள். சைலன்சருக்கும் அசையும் பாகங்களுக்கும் எட்டத்தில் போகட்டும்.

இந்த வயரின் இரு நுனியிலும் பேட்டரி இருப்பதால், இரு பக்கமும் ஃப்யூஸ் வேண்டும். முன் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் 60 ஆம்பியர், சார்ஜருக்கும் இரண்டாவது பேட்டரிக்கும் நடுவே பேட்டரியின் பக்கம் 40 ஆம்பியர் என்பது 30 ஆம்பியர் சார்ஜருக்கு நான் போட்டது. உங்கள் சார்ஜரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். லித்தியம் பேட்டரியில் ஷார்ட் ஆனால் பாயும் மின்னோட்டம் மிகப் பெரியது. சாதாரண ஃப்யூஸ் உருகினாலும் உள்ளே பொறி தொடரக்கூடும் என்பதால், அதன் பிரதான ஃப்யூஸாக கிளாஸ்-டி (Class T) வகையையே போடுங்கள்.

எர்த்துக்கு, சேசிஸில் பெயிண்ட்டைச் சுரண்டி உலோகம் பளபளக்கச் செய்து, ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். புதிய வண்டிகளில் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சிறு கறுப்பு சென்சார் இருக்கலாம். அப்படி இருந்தால் நம் நெகட்டிவ் வயரை முனையில் நேரடியாக மாட்டாமல், சென்சாருக்கு அப்பால் சேசிஸ் பக்கத்தில் இணைக்க வேண்டும். இல்லையென்றால் நாம் இழுக்கும் மின்னோட்டத்தை வண்டியின் கணினி கணக்கில் எடுக்காது. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு ஃப்யூஸிலிருந்து மெல்லிய வயர் எடுத்து சார்ஜரின் கட்டளை முனைக்குக் கொடுத்தால், இன்ஜின் நின்றதும் சார்ஜரும் நிற்கும். அந்த வயருக்கும் 1 அல்லது 2 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள்.

சார்ஜரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்காமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.2 வோல்ட் வரை ஏற்றி, பிறகு 13.5-இல் நிறுத்தி வைப்பது பொருந்தும். ஈய அமில வகைக்கு 14.4, பிறகு 13.6 அல்லது சற்று கூடுதல். பேட்டரியோடு வந்த தாளில் இருக்கும் அளவே இறுதியானது.

இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போடுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சோதித்துப் பார்த்தல்

நெகட்டிவை மாட்டியதும், இன்ஜின் ஓடாத நிலையில் மல்டிமீட்டரால் இரு பேட்டரிகளையும் அளந்து எழுதி வையுங்கள். முன் பேட்டரி நிறைவாக இருந்தால் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினைக் கிளப்பியதும் இரண்டாவது பேட்டரியின் அளவு மெல்ல உயர வேண்டும். சார்ஜர் முழு வேகத்தில் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை முன் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையை சார்ஜரின் உள்வரும் பாசிட்டிவிலும் வையுங்கள். அங்கே தெரிவது அந்த ஒரு வயரிலும் ஃப்யூஸிலும் இணைப்புகளிலும் நாம் இழக்கும் மின்னழுத்தம். 16 சதுர மில்லிமீட்டர் வயரில் அது 0.2 அல்லது 0.25-க்குள் இருந்தால் வேலை சுத்தம். அரை வோல்ட்டைத் தொட்டால் எங்கோ ஒரு லக் சரியாகப் பிடிக்கவில்லை. மீட்டரின் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினால் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, இன்ஜினை நிறுத்தி, மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, எல்லா லக்குகளின் உறையையும் ஃப்யூஸ் பெட்டிகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு; விரலை எடுக்க வைக்கும் சூடு இயல்பன்று. முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும், முன் பேட்டரியின் நெகட்டிவை மறுபடி கழற்றி வைத்துவிட்டு எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். இரண்டாவது முறை எல்லாவற்றையும் என் கையாலேயே கவனமாகச் செய்த பிறகும், அந்த முதல் 500 கிலோமீட்டரில் எர்த் நட்டு ஒன்று கால் திருப்பு தளர்ந்திருந்தது.